காலையில் பைக் செல்ஃப் ஸ்டார்ட் "ரூ...ம், ரூ...ம், டக்": மோட்டார் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

எமரால்டு125

எல்லாருக்கும் வணக்கம். என்னுடையது கார்புரேட்டர் வைத்த 125 சிசி வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம், அப்புறம் இழை முழுக்க அந்தச் சண்டைதான் ஓடும். பகலில் ஊட்டி மார்க்கெட்டில் நிறுத்திவிட்டு எடுத்தால் செல்ஃப் தொட்டதும் பிடித்துக்கொள்கிறது. காலை ஆறு மணிக்கு, ஊட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் எமரால்டில் புல்லெல்லாம் பனியில் வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில், செல்ஃபை அழுத்தினால் "ரூ...ம், ரூ...ம்" என்று கொஞ்சம் இழுத்துவிட்டு "டக்" என்று நின்றுவிடுகிறது. மறுபடி அழுத்தினால் அந்த டக் மட்டும்தான். கிக்கர் உதைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. ஹாரன் கணீரென்று அடிக்கிறது, இண்டிகேட்டர் பளிச்சென்று எரிகிறது. பேட்டரி போன வருஷம் மாற்றியது. ஒர்க்‌ஷாப்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு செல்ஃப் மோட்டார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். விலை கேட்டதும் வந்துவிட்டேன். இந்த உயரத்துக்கும் குளிருக்கும் எல்லா வண்டியும் இப்படித்தானா, இல்லை நிஜமாகவே மோட்டாரா?

சமவெளிக்காரன்

கோவையிலிருந்து சொல்கிறேன். ஊட்டிப் பக்கம் காற்று கம்மி, இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது, அவ்வளவுதான். மேட்டுப்பாளையத்துக்கு இறக்கிப் பாருங்கள், தானாகச் சரியாகும்.

பழைய புல்லட், குன்னூர்

காற்று கம்மி என்பது சரி, ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேர்ந்த இடம் நேர் தலைகீழ். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றழுத்தத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான் அங்கே இருக்கும். சிலிண்டருக்குள் போகிற காற்று குறைந்தால் பிஸ்டன் அதை அழுத்துவதும் சுலபமாகத்தான் இருக்கும். மலையில் செல்ஃப் லேசாகச் சுற்ற வேண்டுமே தவிர இழுக்கக் கூடாது. புல்லட்டை மேட்டுப்பாளையத்தில் உதைத்துவிட்டு ஊட்டியில் உதைத்துப் பார்த்தவர்களுக்கு இது காலிலேயே தெரியும்.

எமரால்டு தம்பி, நீங்கள் எழுதிய சத்தத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. சிங்கிள் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு கம்ப்ரஷன். "ரூ" என்று ஓடுகிற இடத்தில் மற்ற வேலைகள் நடக்கின்றன, "ம்" என்று அமுங்குகிற இடத்தில் பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெருக்குகிறது. நல்ல வண்டியில் இரண்டும் ஒட்டி ஒட்டி "ருருருரு" என்று வரும். தனித்தனியாக எண்ணுகிற மாதிரி வந்தால் மோட்டாருக்குப் போதிய பலம் போய்ச் சேரவில்லை, அல்லது இன்ஜின் வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறது. கடைசி "டக்" கம்ப்ரஷனில் போய் முட்டி நின்றதுதான். மோட்டார் செத்துப்போயிருந்தால் முதல் ரூ கூட வந்திருக்காது.

கோத்தகிரி கிரீஸ்

ஆயில் என்ன ஊற்றியிருக்கிறீர்கள்? கீழே இருக்கிற பழக்கத்தில் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு 20டபிள்யூ50 என்கிற கெட்டி ஆயிலை ஊற்றுகிறார்கள். இன்றைக்கு வரும் 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அதைவிட இளகின 10டபிள்யூ30 போதும், வண்டிப் புத்தகத்திலேயே போட்டிருக்கும். பனி விழுகிற காலையில் கெட்டி ஆயில் கிராங்கைப் பிடித்து நிறுத்தும். பகலில் நன்றாக எடுக்கிறது, காலையில் இழுக்கிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

இன்னொன்று, நியூட்ரலில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பிடிக்காவிட்டால் கியர் பாக்ஸின் ஷாஃப்டும் அந்தக் கெட்டி ஆயிலுக்குள் கூடவே சுற்ற வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை தனி.

பழைய புல்லட், குன்னூர்

செல்ஃபுக்கு அது சரி. அதைப் படித்துவிட்டு யாரும் பழைய புல்லட்டில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கர் அடிக்க வேண்டாம். அதில் உதை கிளட்ச் வழியாகத்தான் கிராங்குக்குப் போகிறது, பிடித்தால் லீவர் சும்மா கீழே போய்விடும். ஆனால் இன்ஜினை எடுப்பதற்கு முன்னால் வேண்டுமென்றே கிளட்சைப் பிடித்தபடி கிக்கரை ஓரிரு தரம் மிதிப்பது நல்ல பழக்கம். ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டிருந்த தட்டுகள் பிரிந்துவிடும், முதல் கியர் போடும்போது "கடாங்" என்று குதிக்காது.

கொடை யெஸ்டி

இழைக்குள் நுழைந்ததே சத்தம் பற்றிய பேச்சு என்பதால். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கம்ப்ரஷன், அதனால் கிக்கர் அடிக்கும்போதே காலுக்குக் கிடைக்கிற தாளம் வேறு. என்னுடையது மாதிரி பழைய யெஸ்டியில் கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பிதான், உள்ளே தள்ளி மேலே திருப்பி உதைக்க வேண்டும். மைசூர் ஆலை 1996-இல் மூடிவிட்டது, ஆனால் கொடைக்கானலில் என்னுடையது காலை மூடுபனியிலும் சைலன்சர் இரண்டிலும் புகை விட்டுக்கொண்டு நிற்கும். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர், வேறெதற்கு, அழகுக்குத்தான் என்று சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

இன்றைய ராயல் என்ஃபீல்டு 650 ட்வின் (இரண்டு சிலிண்டர்) வைத்திருப்பவர்கள் செல்ஃப் அடிக்கும்போது கவனித்துப் பாருங்கள். கிராங்க் 270 டிகிரியில் இருப்பதால் இரண்டு கம்ப்ரஷன்களும் சம இடைவெளியில் வராது. 270 டிகிரிக்கு ஒன்று, அப்புறம் 450 டிகிரிக்கு ஒன்று. அதனால் சுற்றுவதே நொண்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி கேட்கும். புதிதாக வாங்கினவர் அதைக் கேட்டு பேட்டரி வீக் என்று பயந்துவிடுவார்.

ஒர்க்‌ஷாப் அண்ணன், கூடலூர்

நானும் ஒர்க்‌ஷாப்தான், அதனால் இன்னொரு ஒர்க்‌ஷாப்பைக் குறை சொல்ல மனசில்லை, ஆனால் காதை வைத்து மோட்டார் என்று முடிவு கட்டுவது அவசரம். காது எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று காட்டும், பில் போடுகிற அளவுக்கு அதை நம்பக் கூடாது.

என்னிடம் வருகிற வண்டிகளை வைத்துச் சொல்கிறேன். பட்டனை அழுத்தினால் "டக்டக்டக்டக்" என்று வேகமாகத் துடித்தால் ரிலே (பட்டனை அழுத்தினால் மோட்டாருக்குக் கரன்ட்டை இணைக்கிற சுவிட்ச்) பிடித்துப் பிடித்து விடுகிறது. பேட்டரியில் இருக்கும் கொஞ்சம் வோல்ட்டும் மோட்டார் இழுத்ததும் விழுந்துவிடுகிறது, ரிலே விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, ரிலே மறுபடி பிடிக்கிறது. பேட்டரி காலி, இல்லை டெர்மினல் லூஸ். ஒரே ஒரு கெட்டியான "டக்", அதோடு அமைதி என்றால் ரிலேக்குள் இருக்கும் செம்பு காண்டாக்ட் கருகியிருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், அல்லது இன்ஜினே இறுகியிருக்கலாம். "விய்ய்ய்ங்" என்று மோட்டார் மட்டும் ஜாலியாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் ஒன்வே கிளட்ச் (மோட்டாரின் சுற்றை ஒரு பக்கமாக மட்டும் இன்ஜினுக்குக் கொடுப்பது) வழுக்குகிறது. "கர்ர்ரக்" என்று பல்லைக் கடிக்கிற சத்தம் வந்தால் அதே ஒன்வே கிளட்சின் ரோலரோ, இடையில் உள்ள பல் சக்கரமோ. உடனே பட்டனை விடுங்கள், இன்னொரு தரம் பார்க்கலாம் என்கிற ஆசையில்தான் உள்ளே இருப்பது எல்லாம் தூளாகும். பெரிய சிங்கிள்களில் பேட்டரி வீக்காக இருக்கும்போது விடாமல் செல்ஃப் அடித்தால் இன்ஜின் கம்ப்ரஷனைத் தாண்ட முடியாமல் பின்னால் உதைக்கும். அந்த அடி நேராக ஒன்வே கிளட்சுக்குத்தான் போகிறது. பேட்டரிக்குக் காசு பார்த்துவிட்டு இன்ஜின் சைடு கவரைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

"ருருருரு" என்று வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிடுங்கள். அது பெட்ரோல், இல்லை ஸ்பார்க் விவகாரம்.

எதுவாக இருந்தாலும் ஒரு தடவைக்கு ஐந்து வினாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். விட்டு, கொஞ்ச நேரம் கழித்து அடியுங்கள்.

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், மஞ்சூர்

டீ ஃபேக்டரியில் மோட்டாரோடுதான் என் பிழைப்பு. அங்கே இருப்பது பெரிய மோட்டார், இங்கே சின்னது, கணக்கு ஒன்றுதான்.

ஆயில் பற்றி முதலில். கோத்தகிரி அண்ணா சொன்னது பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டபிள்யூவுக்கு முன்னால் வரும் எண்ணை எப்படித் தருகிறார்கள் என்று பாருங்கள். 20டபிள்யூ ஆயிலுக்கு கிராங்கிங் சோதனை மைனஸ் 15 டிகிரியில், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25 டிகிரியில். எமரால்டில் பனி விழும் ராத்திரியில் பூஜ்யத்தைத் தொடும், கொஞ்சம் கீழே போகும். அந்தக் குளிரில் 20டபிள்யூ50 கனமாக இருக்கும், வாஸ்தவம், ஆனால் நல்ல பேட்டரியும் நல்ல வயரும் இருக்கிற வண்டியைப் பாதியில் நிறுத்துகிற அளவுக்கு இருக்காது. ஏற்கெனவே இருக்கிற ஒரு குறையைக் குளிர் வெளியே காட்டுகிறது.

ஹாரன் கணீரென்று அடிக்கிறது, அதனால் பேட்டரி, வயர் எல்லாம் சரி என்று நினைப்பது எல்லாரும் செய்வதுதான். ஹாரன் இழுப்பது இரண்டு, மூன்று ஆம்பியர். செல்ஃப் மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயோ ஒரு ஜாயின்ட்டில் 0.03 ஓம் தடை வந்துவிட்டது. 3 ஆம்பியர் போகும்போது அங்கே இழப்பு 0.09 வோல்ட், யாருக்கும் தெரியாது. 60 ஆம்பியர் போகும்போது அதே இடத்தில் 1.8 வோல்ட் போய்விடும். பேட்டரி ஏற்கெனவே குளிரில் பத்துக்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும், அதிலும் 1.8 போனால் மோட்டாருக்கு மிஞ்சுவது எட்டு சொச்சம். ரூ...ம், ரூ...ம், டக்.

தம்பி, மோட்டாரைத் தொடாதீர்கள். ஒரு மல்டிமீட்டர் கடன் வாங்குங்கள், டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். காலையில், வண்டியை எடுக்கும் முன், பேட்டரி இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6க்கு மேல் இருந்தால் முழுசாக இருக்கிறது, 12.2 என்றால் பாதி. அப்படியே வைத்துக்கொண்டு இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேலேயே நின்றால் பேட்டரி தப்பித்தது. எட்டு, ஏழு என்று விழுந்தால் பேட்டரிதான். அப்புறம் முக்கியமானது: ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் (டெர்மினல் கிளிப்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே), இன்னொன்றை இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கூடினால் எர்த் வயர். அதே மாதிரி பாசிட்டிவ் கம்பத்துக்கும் மோட்டார் டெர்மினலுக்கும் நடுவில். அங்கே கூடினால் ரிலே அல்லது அந்தப் பக்கத்து வயர். இரண்டும் சரி, பேட்டரியும் சரி, அப்போதும் இழுக்கிறது என்றால் மோட்டாரைக் கழற்றலாம், அப்போதும் முதலில் கார்பன் பிரஷைப் பாருங்கள், முழு மோட்டாரை இல்லை.

சமவெளிக்காரன்

சரி, மூச்சு முட்டுகிற கதையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நாங்கள் மேலே வந்தால் வண்டி பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறது. அதற்கும் எர்த் வயர்தான் காரணமா?

கோத்தகிரி கிரீஸ்

அது வேறு, அங்கே உங்கள் காற்றுக் கதை பொருந்தும். கார்புரேட்டர் ஜெட் கீழே இருக்கிற காற்றுக்கு அளந்து போட்டது. மேலே வரும்போது காற்று மெலிகிறது, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையவில்லை, கலவை கெட்டியாகிவிடும். பிளக்கைக் கழற்றினால் மை பூசின மாதிரி கறுப்பு. இதில் குளிருக்காக சோக்கையும் (காற்றை மறித்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற லீவர்) இழுத்து வைத்துக்கொண்டு அடித்தால் ஓவர்ஃப்ளோதான். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் ஆவியாக மறுப்பதால் சோக் வேண்டும், அதை மறுக்கவில்லை, ஆனால் பிடித்ததும் கீழே வைத்திருக்கிற நேரம் வைக்காமல் சீக்கிரம் தள்ளிவிடுங்கள். பிளக் ஈரமாகிவிட்டால் சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து கிக்கர் அடியுங்கள், உள்ளே தேங்கினது வெளியே போகும். "ரு ரு ரு ப்ப், ரு ரு ப்ப்பட்" என்று நடுவில் தும்மல் வர ஆரம்பித்தால் பிடிக்கப் போகிறது என்று அர்த்தம், அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மூடிவிடாதீர்கள்.

எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது, சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். அவர்கள் செய்ய வேண்டியது ஒன்று: சாவியைப் போட்டதும் டேங்கிலிருந்து "ஊய்ய்ங்" என்று பம்ப் சத்தம் வரும், அது நின்றதும் செல்ஃப் அடியுங்கள். சாவி போட்ட அதே கையோடு அழுத்தினால் பெட்ரோலில் பிரஷர் ஏறியிருக்காது, வண்டி சரியில்லை என்று நீங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வருவீர்கள்.

லவ்டேல் ஸ்கூட்டர்

நடுவில் ஒரு சந்தேகம். எங்கள் வீட்டுப் புது ஸ்கூட்டரில் செல்ஃப் அடித்தால் இந்த ரூவும் இல்லை, ருவும் இல்லை. சத்தமே இல்லாமல் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிடுகிறது. சில சமயம் பட்டனை அழுத்தினதும் இன்ஜின் லேசாகப் பின்பக்கம் அசைகிற மாதிரி ஒரு உணர்வு. ஏதாவது பழுதா?

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், மஞ்சூர்

பழுதில்லை. அதில் தனியாக செல்ஃப் மோட்டாரே கிடையாது. கிராங்கின் முனையில் கரன்ட் தயாரிக்க வைத்திருக்கும் ஆல்டர்னேட்டரையே, ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் மோட்டாராக ஓட்டுகிறார்கள். நடுவில் பல் சக்கரம் இல்லை, பல் சக்கரத்தின் இரைச்சலும் இல்லை. பின்பக்கம் அசைவதும் நிஜம்தான்: கம்ப்ரஷனை ஒரே மூச்சில் தாண்ட வேண்டுமே, அதற்காக ஹோண்டா மாதிரி சில கம்பெனிகள் கிராங்கை முதலில் கொஞ்சம் பின்னால் சுற்றி, அங்கிருந்து ஓடிவந்து முட்டும்படி செய்திருக்கிறார்கள். ஆட்டுக்கிடா செய்கிற வேலைதான். ஒரே குறை, பேட்டரி வீக்காகிறது என்று முன்கூட்டியே காதுக்குச் சொல்ல அதில் எதுவும் இல்லை. ஆகவே மலையில் இருப்பவர்கள் அவ்வப்போது மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய புல்லட், குன்னூர்

2021-இல் வந்த புது கிளாசிக் 350-இல் கிக்கரையே எடுத்துவிட்டார்கள். எங்கள் காலத்தில் சாவியைப் போட்டு ஆம்பியர் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அமுக்குவோம். ஸ்பார்க்கைக் கொடுக்கிற பாயின்ட் மூடியிருக்கும் வரை முள் மைனஸ் பக்கம் சாய்ந்திருக்கும், பிஸ்டன் உச்சிக்கு வந்து பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்துவிடும். அங்கே சிலிண்டர் காற்றை வெளியே விடுகிற டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து "புஸ்ஸ்" என்று இன்னும் கொஞ்சம் தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் முழு உதை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், அவ்வளவு நீள ஸ்ட்ரோக்குக்கு உதைக்கிற இடம் தப்பினால் கிக்கர் திருப்பி உதைத்து முழங்காலைப் பதம் பார்க்கும். அதைத் தெரிந்துகொண்டு உதைத்தால் ஒல்லியானவர்களும் எடுக்கலாம். பேட்டரி போனால் ஓரமாக நின்று போன் அடிக்கிற நிலைமை எங்களுக்கு இல்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணன், கூடலூர்

மலையில் யாரும் போன் அடிப்பதில்லை அண்ணா, இறக்கத்தில் உருட்டி இரண்டாவது கியரில் கிளட்சை விடுவார்கள். முதல் கியரில் விட்டால் பின் டயர் வழுக்கும், குறிப்பாக ஈர ரோட்டில். எஃப்ஐ வண்டியில் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் இது பலிக்காது, பம்ப் ஓடினால்தான் பெட்ரோல் வரும். தயவு செய்து கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் இதைச் செய்யாதீர்கள், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிச் சாலையில் 36 இருக்கின்றன, எல்லாவற்றிலும் எதிரே யாராவது வருவார்கள்.

எமரால்டு125

மீட்டர் கிடைத்தது. காலையில் பேட்டரி 12.5. செல்ஃப் அடிக்கும்போது 10.3, அதற்குக் கீழே போகவில்லை. நெகட்டிவ் கம்பத்துக்கும் இன்ஜினுக்கும் நடுவில் வைத்து அடித்தால் 1.6 காட்டுகிறது!

எர்த் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். பேட்டரிப் பக்கம் சுத்தமாக இருந்தது. மறுமுனை இன்ஜினுக்குப் பின்னால், பின் சக்கரம் சேறு அடிக்கிற இடத்தில் ஒரு 10 மில்லிமீட்டர் போல்ட்டில் கட்டியிருக்கிறது. போல்ட் தலை தெரியாத அளவுக்கு மண். கழற்றினால் வயர் நுனி வளையத்துக்கு அடியில் வெள்ளைப் பவுடர், வயர் ரப்பரை உரித்தால் உள்ளே செம்பு கொஞ்ச தூரம் பச்சை பூத்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது வளையம் போட்டு இறுக்கினேன். இப்போது அதே இடத்தில் 0.2. அடுத்த காலை, புல் வெள்ளையாகத்தான் இருந்தது, செல்ஃப் ருருரு என்று சுற்றிப் பிடித்தது. ஆயில் இன்னும் அதே 20டபிள்யூ50தான்.

கோத்தகிரி கிரீஸ்

ஆயிலை மாற்றுங்கள் என்று இப்போதும் சொல்வேன்.

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், மஞ்சூர்

மாற்றட்டும், நல்லதுதான். தம்பி, பச்சை பூத்த வயரை அப்படியே விடாதீர்கள், உள்ளே இன்னும் போயிருக்கும். பூத்த இடம் வரை வெட்டிவிட்டு வளையம் போடுங்கள், நீளம் போதாவிட்டால் அதே தடிமனில் புது வயர். இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள், இறுக்குவதற்கு முன்னால் நடுவில் தடவாதீர்கள். 12.5 என்பதும் கொஞ்சம் பார்க்க வேண்டியதுதான். வீட்டிலிருந்து பக்கத்துக் கடை, கடையிலிருந்து வீடு என்று மட்டும் ஓட்டினால் ஒவ்வொரு செல்ஃபுக்கும் செலவாவது திரும்ப ஏறாது, 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டி என்றால் ஹெட்லைட் வேறு எப்போதும் எரிகிறது. இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று இன்ஜினை அணைத்து உருட்டினால் சார்ஜும் இல்லை, இன்ஜின் பிரேக்கும் இல்லை.

லவ்டேல் ஸ்கூட்டர்

தலைகுந்தா பக்கம் பனிக்காலத்தில் பேட்டரியைக் கழற்றி ராத்திரி வீட்டுக்குள் வைக்கிறார்கள். எங்கள் ஸ்கூட்டருக்கும் செய்ய வேண்டுமா?

ஃபேக்டரி எலக்ட்ரீஷியன், மஞ்சூர்

காலையில் 12.6 காட்டினால் தேவையில்லை, அப்படியே விடுங்கள். 12.2க்குக் கீழே காட்டினால் கழற்றி சார்ஜ் போடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.